சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

அக்கா, அந்தப் பாட்டில் வடிகட்டியைத் திருப்பிப் போட்டுக் கழுவினீங்களா? நேத்து சாயந்திரத்துல இருந்து மூணு தடவை ஆத்துல மொண்டு குடிச்சிருக்கீங்க. நானும் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். கழுவாம விட்டா உள்ளே அடைச்சுக்கும். அப்புறம் பாட்டிலை அமுக்கி அமுக்கி உங்க கைதான் நோகும், தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வரும். இங்கே குடுங்க, நான் கழுவித் தர்றேன். என் கையில இருக்கிறது நல்ல தண்ணிதான், பயப்படாதீங்க. இதைக் கழுவ எப்பவும் நல்ல தண்ணிதான் எடுக்கணும்.

ஏன் சிரிக்கிறீங்க? சோறாக்குற பொம்பளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? இந்தக் கேம்புக்கு வடிகட்டி வாங்கப் பெங்களூருக்கே போய், கடையில நின்னு, இதுதான் வேணும்னு கையைக் காட்டினது இந்த மாதம்மாதான். அதோ புங்க மரத்துல தொங்குதே சாம்பல் கலர் பை, அது நான் தேர்ந்தெடுத்தது. ஆறு வருஷமாச்சு. உள்ளே இருக்கிற குழலை மட்டும் ரெண்டு தடவை மாத்தியிருக்கோம்.

உட்காருங்கக்கா. மத்தவங்க எல்லாம் இன்னும் தண்ணியில ஆடிக்கிட்டு இருக்காங்க. கூடாரத்தைப் பிரிச்சு, மூட்டை கட்டி, பரிசல்ல ஏத்தறதுக்கு எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். உப்புமா ஆறிடும், சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. நான் சும்மா கதை பேச உங்களை உட்கார வைக்கலை. எனக்கு உங்ககிட்ட ஒரு காரியம் ஆகணும். என் பொண்ணு விஷயம்.

அதோ மணல்ல உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்குறாளே, கனிஷ்கா. நேத்து பூரா உங்க பின்னாடியே சுத்தினாளே. ஏழு வயசு முடிஞ்சிருச்சு. அவ எழுந்து நடக்குறதைப் பார்த்திருப்பீங்க. பார்க்காத மாதிரி இருந்தீங்க, அதனாலதான் உங்களை எனக்குப் பிடிச்சுப் போச்சு. முட்டி ரெண்டும் ஒண்ணோடொண்ணு இடிக்கும், பாதம் ரெண்டும் விலகிப் போகும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் அப்படி இல்லை. சாயந்திரமானா கால் வலிக்குதும்மான்னு அழுவா. சிரிக்கும்போது கையால வாயை மூடிக்கிறா பாருங்க, அது வெட்கம்னு நினைச்சிருப்பீங்க. வெட்கம் இல்லைக்கா, பல்லு. புதுசா முளைச்ச முன்பல் ரெண்டும் பழுப்புக் கோடு கோடா முளைச்சிருச்சு. பள்ளிக்கூடத்துல துருப்பிடிச்ச பல்லுன்னு கூப்பிடுறாங்களாம். அவளும் சும்மா இல்லை, கூப்பிட்டவனைக் கிள்ளி வெச்சுட்டுத்தான் வருவா. ஆனா வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி நிப்பா.

எங்க குடும்பத்துல யாருக்கும் இப்படிக் கிடையாது. என் பல்லைப் பாருங்க. ஆத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்த பல்லுதான், கரும்பு கடிப்பேன். நீங்க எல்லாரும் முனிராஜ் அண்ணா, முனிராஜ் அண்ணான்னு கூப்பிடுறீங்களே, என் வீட்டுக்காரர், அவர் சோடா மூடியைப் பல்லால திறப்பார். எனக்கு என்ன வயித்தெரிச்சல்னா, நாங்க ரெண்டு பேரும் கண்ட தண்ணியைக் குடிச்சு வளர்ந்து கல்லு மாதிரி இருக்கோம். அவளுக்கு நான் பார்த்துப் பார்த்துக் குடுத்தேன். அவளுக்குப் போய் இப்படி.

முதல்ல இருந்து சொல்றேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி சபரிநாதன் சார் சேலத்துல இருந்து வந்தார். உங்களைக் கூட்டிக்கிட்டு வந்தாரே, அவரேதான். அப்போ தலையில நிறைய முடி இருந்தது. ஊர்ல பரிசல் ஓட்டறவங்களைக் கூப்பிட்டு, பட்டணத்து ஆளுங்களைப் பரிசல்ல ஏத்தி ரெண்டு நாள் ஆத்தோட கூட்டிக்கிட்டுப் போகணும், கரையில கூடாரம் போட்டுப் படுக்கணும், கொஞ்சம் பேர் மூட்டையை முதுகுல கட்டிக்கிட்டு மலையும் ஏறுவாங்கன்னார். எங்க முத்தன் கொட்டாய்ல இருக்கிறதே முப்பது வீடு. எல்லாரும் சிரிச்சாங்க. வீட்டுல மெத்தை இருக்கிறவன் எதுக்கு மணல்ல வந்து படுக்கிறான்னாங்க. எங்க வீட்டுக்காரர் மட்டும் சரின்னார். சமையலுக்கு என்னையும் சேர்த்துவிட்டார்.

அப்போதான் சார் சொன்னார், “எல்லாம் சரி, தண்ணிக்கு என்ன பண்றது? ரெண்டு நாளைக்குப் பத்துப் பேருக்குக் கேன் தண்ணி பரிசல்ல ஏத்தினா ஆளுங்க எங்கே உட்கார்றது?”

எங்க வீட்டுக்காரர், “என்ன சார் இது, ஆத்துலயே போய்க்கிட்டு தண்ணிக்கு என்னங்கிறீங்க?”ன்னு கேட்டார்.

ஆத்துத் தண்ணின்னா எனக்குள்ள ஒரு பயம் இருந்தது. அதைப் பிறகு சொல்றேன். சார் என் முகத்தைப் பார்த்துட்டு, “மாதம்மா, தண்ணியைக் கையாளப் போறது நீதான். நீயும் வா. உனக்கு எது சரிப்பட்டு வருதோ அதை வாங்குவோம்”னார். ஜீப்புல பெங்களூருக்குப் போனோம். கனிஷ்காவுக்கு அப்போ ஒரு வயசு, மடியில வெச்சுக்கிட்டேன்.

அந்தக் கடையைப் பார்க்கணுமே நீங்க! காட்டுக்குப் போறதுக்கு ஒரு கடை, மூணு மாடியில. கடைக்காரர் ஓசூர்ப் பக்கம், தமிழ் பேசினார். ஒண்ணொண்ணா எடுத்து வெச்சார். முதல்ல ஒரு குழல். அதை ஆத்துல விட்டு வாயால உறிஞ்சணும். மாடு மாதிரி மண்டி போட்டுக் குடிக்கணுமான்னு கேட்டேன். சார் சிரிச்சுட்டார். அடுத்து மாத்திரை. போட்டுட்டு அரை மணி நேரம் உட்காரணுமாம். கலங்கலைத் தெளிய வைக்குமான்னு கேட்டேன், வைக்காதுன்னார். வேண்டாம். அப்புறம் பேனா மாதிரி ஒரு விளக்கு, தண்ணிக்குள்ள விட்டு எரிய வெச்சா கிருமி செத்துருமாம்.

“சார்ஜ் தீர்ந்தா?”

“போட்டுக்கணும்மா.”

“நடு ஆத்துல எங்கே சொருகுறது?”

அவர் அதை எடுத்து உள்ளே வெச்சுட்டார். பிறகு கையால அடிக்கிற பம்பு. அது நல்ல சாமான்தான், தண்ணியும் வேகமா வருது. ஆனா பத்துப் பேருக்குச் சோறாக்குவேனா, குத்த வெச்சுப் பம்பு அடிப்பேனா? கடைசியா எடுத்தார் இந்தப் பையை. மேலே ஒரு பையில ஆத்துத் தண்ணியை நிரப்பிக் கிளையில மாட்டிடணும். குழாய் வழியா இறங்கி, நடுவுல இருக்கிற வடிகட்டியில புகுந்து, கீழே இருக்கிற பைக்குத் தானா வந்துடும். மாட்டி விட்டுட்டு நான் பாட்டுக்கு வெங்காயம் உரிக்கலாம். இதுதான் சார்னேன். மலையேறுறவங்களுக்கு உங்க கையில இருக்கிற மாதிரி அமுக்குற பாட்டில். மூட்டையில கனக்காது, அவங்கவங்க தண்ணி அவங்கவங்க பாடு.

சும்மா கையைக் காட்டிட்டு வரலைக்கா. கேள்வி கேட்டேன். “இதுல எல்லாமே நின்னுருமா?”ன்னு கேட்டேன். அவர் சொன்னார், “மண்ணு, தூசி, புழு, முட்டை, கண்ணுக்குத் தெரியாத கிருமி, எல்லாம் நிக்கும்மா. தண்ணியில கரைஞ்சு போனது மட்டும் நிக்காது. நீங்க உப்பைக் கரைச்சு ஊத்தினா கீழேயும் உப்பாத்தான் வரும்.”

ஆத்துத் தண்ணி என்ன கரிக்கவா செய்யுது? உப்பைப் பத்தி நமக்கென்ன. வாங்கிட்டு வந்துட்டோம்.

அந்த ஆடியிலதான் முதல் கேம்பு. ஆறு செம்மண் கரைச்சு ஓடுது. நாலு மடிப்பு வேட்டித் துணியில வடிச்சு, குடத்துல தெளிய வெச்சு, அப்புறம்தான் பையில ஊத்துவேன். ரெண்டாம் நாள் தண்ணி இறங்கலை. சார் ஊசி போடுற சிரிஞ்சி மாதிரி ஒண்ணு குடுத்திருந்தார், பெருசா. நல்ல தண்ணியை உறிஞ்சி, பின்பக்கத்துல வெச்சு அழுத்தினேன். கீழே சோத்துத் தட்டு வெச்சிருந்தேன். புது எவர்சில்வர் தட்டு, பளபளன்னு இருக்கும்.

அதுல வந்து விழுந்தது பாருங்க. கறுப்பா, கொழகொழன்னு. மூக்குச் சளி மாதிரி. நாலு மடிப்புத் துணியில வடிச்ச தண்ணிக்கா! பார்த்தா கண்ணாடி மாதிரி தெளிஞ்ச தண்ணி! அதுக்குள்ள இவ்வளவும் இருந்திருக்கு.

நான் தட்டைக் கையில பிடிச்சுக்கிட்டே மணல்ல உட்கார்ந்துட்டேன். எங்க வீட்டுக்காரர் பரிசலைக் கட்டிட்டு வந்து, “என்னடி, என்ன ஆச்சு?”ங்கிறார். “லோகேஷுக்கு இதைத்தாங்க குடுத்தேன்”னேன். அவர் தட்டை வாங்கிக் கவிழ்த்துட்டு ஆத்துப் பக்கம் போயிட்டார்.

லோகேஷ் என் பையன். கனிஷ்காவுக்கு மூத்தது. ஒண்ணரை வயசு. தொடை ரெண்டும் உருண்டை உருண்டையா இருக்கும். பரிசல் ஆடினா இவனும் ஆடுவான், இறக்கிவிட்டா அழுவான். அது இதுக்கும் முன்னாடி ரெண்டு வருஷம், அதே ஆடி. எங்க அம்மா வீட்டுல இருந்து பரிசல்ல திரும்பி வந்துக்கிட்டு இருந்தோம். வெயிலு. கொண்டுபோன தண்ணி தீர்ந்து போச்சு. தண்ணி, தண்ணின்னு அழறான். நான்தான் ஆத்துல மொண்டேன். செவசெவன்னு இருந்ததுன்னு என் முந்தானையை டம்ளர் மேல கட்டி வடிச்சேன். நல்லாத் தெளிஞ்சுதான் இருந்தது. ரெண்டு டம்ளர் குடிச்சான். குடிச்சுட்டு மூச்சு வாங்கிக்கிட்டுச் சிரிச்சான்.

மறுநாள் வயித்தால போச்சு. பல்லு முளைக்குதுன்னாங்க, கண்ணு பட்டிருச்சுன்னாங்க, மந்திரிச்சோம். மூணாம் நாள் தர்மபுரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். டாக்டரம்மா கண்ணை விலக்கிப் பார்த்துட்டு, என்ன தண்ணி குடுத்தீங்கன்னுதான் முதல்ல கேட்டாங்க.

உப்புமா வெக்கட்டுங்களா இன்னும்? இல்லையா. சரி. அழலை, புகை.

அப்போ வயித்துல கனிஷ்கா நாலு மாசம். இவ பிறந்ததுல இருந்து காய்ச்சின தண்ணிதான். ஆத்துத் தண்ணிதான், ஆனா காய்ச்சினது. ஒரு வயசு வரைக்கும் அப்படித்தான் ஓடுச்சு. இவளும் நல்லாத்தான் இருந்தா. அந்தத் தட்டைப் பார்த்தேனே, அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது. காய்ச்சினா கிருமி செத்துப் போகும், சரி. செத்தது எங்கே போகும்? உள்ளேதானே கிடக்கும்? அத்தனையும் என் பொண்ணு வயித்துக்குள்ள போகுதேன்னு தோணுச்சு. நீங்களே சொல்லுங்க, தோணுமா தோணாதா?

அன்னையோட ஆத்துத் தண்ணி என் வீட்டு வாசப்படி தாண்டலை. மேட்டுல கோவிந்தசாமியண்ணன் தோட்டம் இருக்கு. நானூறு அடி போர். பூமிக்குள்ள அவ்வளவு ஆழத்துல எந்த ஆட்டுப் புழுக்கை போய் விழும், எந்தப் பொணம் மிதந்து போகும்? தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும். தட்டுல ஊத்தி வெச்சுப் பார்த்தேன், ஒரு தூசி இல்லை. அவர்கிட்ட போய்க் கேட்டேன். நல்ல மனுஷன், பொழுது விடியறதுக்குள்ள வந்து புடிச்சுக்கோன்னார். ஆனா ரொம்ப மிடுக்கு. கூப்பிட்டா கழுத்தைத் திருப்ப மாட்டார், உடம்போட மொத்தமாத்தான் திரும்புவார். குனிஞ்சு ஒரு சாமானை எடுக்க மாட்டார், யாராவது எடுத்துக் குடுக்கணும். அந்த வீட்டுல எல்லாருக்கும் பல்லு பழுப்பு. வெத்தலை போடறவங்க.

தினம் ரெண்டு குடம். ஒரு மைல் ஏத்தம். ஒரு நாள் தவறினதில்லை, காய்ச்சல்ல கூடப் போயிருக்கேன். கொண்டுவந்து அப்படியே குடுத்திடுவேனா? காய்ச்சுவேன். சும்மா கொதிச்சதும் இறக்குற காய்ச்சல் இல்லை. மூணு பங்கு தண்ணி ஒரு பங்காச் சுண்டற வரைக்கும் அடுப்புல இருக்கும். கஷாயம் மாதிரி. அதுக்குன்னே முள்ளு வெட்டி அடுக்கி வெச்சிருப்பேன். அப்புறம் ஆறவெச்சு, கேம்புல கழிச்சுப் போட்ட பழைய வடிகட்டியைச் சார்கிட்ட கேட்டு வாங்கி உத்தரத்துல மாட்டியிருக்கேன், அதுல ஒரு தடவை. பெங்களூர்க்காரன் பொண்ணுக்குக் கூட இப்படிச் செய்ய மாட்டாங்கக்கா. வெளியூர் போனாலும் அவளோட பாட்டில் கூடவே போகும். அஞ்சு வயசு வரைக்கும் ஒரு நாள் வயித்தால போனதில்லை அவளுக்கு. ஒரு நாள்! ஊர்ல எல்லாப் பிள்ளைக்கும் வந்தது, இவளுக்கு வரலை. நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன்.

அப்புறம்தான் காலு.

முதல்ல இடுப்புல தூக்கி வெச்சதனாலன்னாங்க. அப்புறம் எலும்புக்குச் சத்து பத்தலைன்னாங்க, முட்டை குடுத்தேன், கேழ்வரகு குடுத்தேன். கோயிலுக்கு நடந்தேன். போன வருஷம் பள்ளிக்கூடத்துக்கு எஸ்தர் நர்சம்மா வந்தாங்க. இவளை நடக்கவிட்டுப் பார்த்தாங்க, வாயைத் திறக்கச் சொன்னாங்க. நேரா என் வீட்டுக்கே வந்துட்டாங்க. வந்ததும், “மாதம்மா, என்ன தண்ணி குடுக்குற?”ன்னாங்க.

தர்மபுரியில டாக்டரம்மா கேட்டாங்களே, அதே கேள்வி. ஆனா இந்தத் தடவை என்கிட்ட பதில் இருந்தது. பெருமையாச் சொன்னேன். போர் தண்ணி, சுண்டக் காய்ச்சி, வடிகட்டி. எல்லாத்தையும் காட்டினேன்.

அவங்க பையில இருந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்து, என் தண்ணியைப் பிடிச்சு, மருந்தைச் சொட்டு விட்டாங்க. கலர் மாறுச்சு. ஒரு அட்டையோட வெச்சுப் பார்த்தாங்க. அவங்க முகம் செத்துப் போச்சு.

“அடிப்பாவி, இதை நிறுத்துடி. இந்தத் தண்ணியில ஃப்ளோரைடு இருக்கு. பூமிக்குள்ள பாறையில இருந்து கரைஞ்சு வர்றது. பல்லையும் எலும்பையும் அதுதான் கெடுக்குது. ஆத்துத் தண்ணியைச் சுத்தம் பண்ணித் தெருக்குழாய்ல விடறாங்களே, அதைப் பிடிச்சுக் குடு. பயமா இருந்தா அதைக் காய்ச்சிக்கோ.”

“இதையும் காய்ச்சித்தானே குடுக்குறேன்?”

“காய்ச்சினா இது போகாது. தண்ணிதான் ஆவியாப் போகும், அது உள்ளேயே நிக்கும். பாலைச் சுண்டவெச்சா பால்கோவா ஆகுற மாதிரி கெட்டியாகும். மூணு பங்கை ஒரு பங்காக்கி வெச்சிருக்கியே!”

“பால்கோவா நல்லதுதானேங்க”ன்னு சொல்லிட்டேன். என் வாய் அப்படி. அவங்க சிரிக்கலை.

அக்கா, நீங்க படிச்சவங்க. காய்ச்சக் காய்ச்சத் தண்ணி கெட்டுப் போகும்னு எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? சரி, நர்சம்மா சொல்றது நிஜம்னே வெச்சுக்குவோம். ஆத்துத் தண்ணி அவ்வளவு நல்லதுன்னா, சென்னையில இருந்தும் பெங்களூர்ல இருந்தும் வர்றவங்க ஒருத்தராவது அதை நேராக் குடிச்சுப் பார்த்திருக்கேனா? ஆறு வருஷமா பார்க்குறேன். ஒருத்தர் கழுத்துல குழல், ஒருத்தர் கையில பாட்டில், ஒருத்தர் மாத்திரை. என்ஜினீயரு, வக்கீலு, ஒரு தடவை டாக்டரே வந்தார், அவரும் ரெண்டு தடவை வடிகட்டித்தான் குடிச்சார். இவ்வளவு பேரும் முட்டாளா? இதே ஆத்துத் தண்ணிதானே அந்தக் குழாய்லயும் வருது? ப்ளீச்சிங் பவுடர் நாத்தம் வேற.

நான் நிறுத்தலை.

எங்க வீட்டுக்காரர் நர்சம்மா பேச்சைப் பிடிச்சுக்கிட்டார். அவர் அதிகம் பேசற ஆள் இல்லை, பார்த்திருப்பீங்க. “ஆறு மாசம் குழாய்த் தண்ணி குடுத்துப் பார்ப்போமே, மாதம்மா”ன்னார். நான், “ஒண்ணை ஆத்துக்குக் குடுத்தாச்சு, பத்தலையா?”ன்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கலை.

எடுக்கலைன்னு நான் நினைச்சுக்கிட்டேன். அவர் என்ன பண்ணியிருக்கார் தெரியுமா? பள்ளிக்கூடம் முடிஞ்சதும் பொண்ணைப் பரிசல்ல ஏத்திக்கிட்டு வலை பார்க்கப் போவார். சாப்பாடும் அதுலயே. அப்பாவும் பொண்ணும் ஒட்டிக்கிட்டாங்கன்னு எனக்குச் சந்தோஷம். பொண்ணும் நல்லா இருந்தா. அந்த அஞ்சாறு மாசம் கால் வலின்னு ராத்திரி ஒரு தடவை கூட எழுந்து அழலை. விளையாட்டு மும்முரம், வலி எங்கே தெரியப் போகுது?

ஒரு நாள் அவர் சோத்துத் தூக்கை மறந்துட்டுப் போயிட்டார்னு கரைக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். பரிசல் கொஞ்சம் உள்ளே நின்னுக்கிட்டு இருந்தது. நான் குடுத்து அனுப்பின பாட்டிலை அவர் ஆத்துல கவிழ்க்கிறார். ஒரு மைல் மேடு ஏறி, முள்ளு எரிச்சு, சுண்டவெச்ச தண்ணி. அது பாட்டுக்கு ஆத்தோட போகுது. பிறகு குழாய்த் தண்ணி வெச்சிருந்த வேற ஒரு பாட்டிலை எடுத்துப் பொண்ணுக்குக் குடுக்கிறார். அதைப் பாதி குடிச்சுட்டு, போதாதுன்னு இவ கையை நீட்டி ஆத்துலயும் ஒரு வாய் அள்ளிக் குடிக்கிறா. குடிச்சுட்டு மூச்சு வாங்கிக்கிட்டுச் சிரிக்கிறா. கை மறைக்காம, பல்லெல்லாம் தெரிய.

அதே சிரிப்புக்கா. அப்படியே அவன்.

நான் புடவையோட தண்ணிக்குள்ள இறங்கிட்டேன். இழுத்துப் போட்டு அடிச்சேன். அதுவரைக்கும் அவமேல கை வெச்சதில்லை நான். வாயில விரலை விட்டு வாந்தியெடுக்க வெச்சேன். எங்க வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சு, “கொன்னுடாதடி, கொன்னுடாதடி”ங்கிறார். “யாரு கொல்றது? நீங்களா, நானா?”ன்னு கேட்டேன். ஊரே கரையில நின்னு வேடிக்கை பார்த்தது.

மூணு மாசமாச்சு. அவர் இன்னும் என்கிட்ட முகம் குடுத்துப் பேசலை. தண்ணி மொள்ளணும், பையை மாட்டணும்னா சொல்வார். வேற பேச்சு இல்லை. நேத்து நீங்க எல்லாரும் கேட்டீங்களே, அண்ணன் உங்ககிட்ட பேசவே மாட்டாரான்னு, நான் சண்டைன்னு சொல்லிச் சிரிச்சேனே, அதுதான் சங்கதி. பொண்ணைப் பரிசல்ல தனியா அனுப்பறதில்லை. கேம்புன்னா என்கூடவே வருவா, அவளோட தண்ணியும் கூட வரும். அதோ, மூடி சிவப்பா இருக்கிற பாட்டில். இப்போ மூணு பங்கை ஒரு பங்கு ஆக்குறது பத்தலையோன்னு தோணுது. நாலு பங்கை ஒரு பங்கு ஆக்கறேன். வலி மறுபடியும் வந்துருச்சு, பாருங்க. முன்னைவிட ஜாஸ்தி. அன்னைக்கு அள்ளிக் குடிச்சதுதான் உள்ளே போய் வேலை செய்யுதுன்னு நினைக்கிறேன். இல்லேன்னா அந்த ஆறு மாசம் சும்மா இருந்த வலி எதுக்குத் திரும்பி வரணும்?

என்னக்கா, ஏதோ சொல்ல வர்றீங்க. இருங்க, முடிச்சுடறேன். நான் ஒண்ணும் பிடிவாதக்காரி இல்லை. ஒரு தாய்க்கு ஒரு தடவை தப்பலாம், ரெண்டாம் தடவையும் தப்பினா அவ எங்கே போய் நிப்பா? அதுக்குத்தான் இவ்வளவு பாடுபடறேன்.

அதோ வர்றா. கல்லைக் காட்டத்தான் வர்றா. நடையைப் பார்க்காதீங்க, முகத்தைப் பாருங்க. கனி, மெதுவா வாடி, யாரும் உன் அக்காவைத் தூக்கிக்கிட்டுப் போயிடலை. என்ன கேக்குற? அக்கா பாட்டில்ல ஒரு வாயா? இல்லைடி தங்கம், அது ஆத்துத் தண்ணி. உன் தண்ணி அம்மா வெச்சிருக்கேன், சிவப்பு மூடி. அது துவர்க்குதா? மருந்துன்னா துவர்க்கத்தான் செய்யும்.

பார்த்தீங்களா, எப்படி முகத்தைத் தூக்கி வெச்சுக்கிறா. நான் சொன்னா இவளுக்கு ஏறாது. அப்பா சொன்னதுதான் வேதம். அந்த நர்சம்மாவும் பள்ளிக்கூடத்துல பார்க்கும்போதெல்லாம் ஏதோ ஓதிவிட்டுட்டுப் போறாங்க. நான் கண்ணசந்தா ஆத்தை அள்ளிக் குடிச்சுடுவா. நான் எத்தனை நாள் காவல் காப்பேன்? நீங்க சொன்னா கேப்பா. நேத்துல இருந்து உங்க வாயையேதான் பார்த்துக்கிட்டு இருக்கா, பெரியவளானா உங்களை மாதிரி மூட்டை கட்டிக்கிட்டு மலையேறணுமாம், இந்தக் காலை வெச்சுக்கிட்டு.

இந்தாங்க, வடிகட்டி சுத்தமாயிருச்சு, இறுக்கி மூடிக்குங்க. அந்தக் காரியத்தைத்தான் சொல்ல வந்தேன். பரிசல் கிளம்பறதுக்குள்ள இவளை இப்படிப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு, ஆத்துத் தண்ணியை எந்தக் காலத்துலயும் வாயில வைக்கக் கூடாது, அம்மா குடுக்குற தண்ணியைத்தான் குடிக்கணும்னு, உங்க வாயால ஒரே ஒரு தடவை சொல்லிட்டுப் போங்கக்கா.